பழைய மோதிரத்தை உருக்காமல் விற்றால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் நிச்சயதார்த்த நகைகள் பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். விண்டேஜ் மோதிரம்தான் இப்போது டிரெண்ட் என்று எழுதியிருந்தீர்கள், ஆனால் அதற்குக் கீழே போட்டிருந்த படங்களில் ஒரு மோதிரம்கூடப் பழசு இல்லை. எல்லாம் அச்சில் வார்த்து, கொஞ்சம் கறுப்பேற்றி, விளிம்பில் பொடிப்பொடி மணிகள் மாதிரி வேலைப்பாடு கொடுத்துப் பழசு போலக் காட்டுகிற புது மோதிரங்கள். அதில் தப்பொன்றும் இல்லை, பிடித்தவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் உண்மையாகவே பழைய மோதிரம் தேடி இந்தச் சென்னையில் அலைகிறவர்களுக்கு எங்கே போவது, எதைப் பார்த்து வாங்குவது என்று ஒரு வரி இல்லையே என்றுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், வெட்டிப் போட்டாலும் பரவாயில்லை.

நான் ஒரு வங்கியில் நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நகையை மதிப்பிடுகிற அப்ரைசர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் உரைகல்லில் தேய்த்து ஆசிட் விட்டுத் தங்கத்தின் மாற்று, அதாவது தரம், சொல்வதை வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டவள் என்பதால் பழைய நகை எனக்குப் பழக்கம். இப்போது என் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம் வருகிறது. "அத்தை, எனக்குப் புது மோதிரம் வேணாம், ஏற்கெனவே யாரோ போட்ட பழைய மோதிரம்தான் வேணும், எனக்காக ஒரு கல்லைப் புதுசா தோண்ட வேணாம்" என்றாள். எங்கள் காலத்தில் தட்டு மாற்றி, பூ வைத்து, புடவை கொடுத்து முடித்துவிடுவார்கள், மோதிரம் மாற்றுகிற வழக்கம் எங்கள் வீடுகளுக்கு அப்புறம்தான் வந்தது. வைர மோதிரம் இல்லாமல் நிச்சயம் இல்லை என்பதே 1930-களின் கடைசியில் டி பியர்ஸ் என்கிற வைரக் கம்பெனி ஆரம்பித்த விளம்பரத்தால் உலகம் பூராவும் பரவின பழக்கம்தான். சரி, பெண் ஆசைப்படுகிறாள், அவளைக் கூட்டிக்கொண்டு தி.நகர் போனேன்.

உஸ்மான் ரோட்டில் ஒரு பெரிய கடையில் பழைய மோதிரம் காட்டுங்கள் என்றதும் அந்தப் பையன் ஆன்டிக் தட்டை எடுத்து வந்தான். லட்சுமி, மயில், மாங்காய், எல்லாம் போன மாதம் செய்தது, விலைச்சீட்டு பளபள என்று தொங்குகிறது. இது இல்லப்பா, வாடிக்கையாளர்கள் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார்களே பழைய நகை, அதில் மோதிரம் இருந்தால் காட்டு என்றேன். "அதெல்லாம் மெல்டிங் போயிடும் மேடம். ஹால்மார்க் இல்லாததை நாங்க விக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு" என்றான். பக்கத்து இரண்டு கடைகளிலும் இதே பதில்தான்.

இந்த ரூல் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர்களே இதைப் பாதிதான் சொல்கிறார்கள். 2021 ஜூன் 16 முதல் படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமானது, முதலில் நாடு முழுக்க 256 மாவட்டங்களில். 2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்.யு.ஐ.டி என்கிற, ஒவ்வொரு நகைக்கும் தனியான ஆறு இலக்க எழுத்து-எண் குறியீடு இல்லாமல் கடையில் தங்க நகை விற்கக் கூடாது, இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. இதெல்லாம் சரி. ஆனால் நம்மிடமிருந்து ஹால்மார்க் இல்லாத பழைய நகையை வாங்கக் கடைக்காரருக்குத் தடை இல்லை. அப்படி வாங்கியதை, முடிந்தால் இருக்கிறபடியே ஹால்மார்க் செய்யலாம், இல்லையென்றால் உருக்கிப் புதுசு செய்து ஹால்மார்க் செய்யலாம் என்றுதான் மத்திய அரசே விளக்கம் கொடுத்திருக்கிறது. இருக்கிறபடியே என்கிற அந்தப் பாதியை விட்டுவிட்டு உருக்கும் பாதியை மட்டும் நமக்குச் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்க வேண்டியதில்லை, உருக்கினால் மறுபடி செய்கூலி, மறுபடி சேதாரம்.

போகட்டும். கடையில் கிடைக்கவில்லை என்றால் சௌகார்பேட்டை, மின்ட் ஸ்ட்ரீட், அடகுக்கடைகள், தெரிந்தவர் மூலமாக வருகிற வாட்ஸ்அப் படங்கள் என்று பழைய மோதிரம் வேறு வழிகளில் வரத்தான் செய்கிறது. இங்கேதான் ஜாக்கிரதை தேவை. ஒரு இடத்தில் சிவப்புக்கல் மோதிரம் ஒன்று காட்டினார்கள், பார்க்க அவ்வளவு அழகு, நூறு வருஷப் பழசு, அதனால் கல் அசல் பர்மா கெம்பு என்றார்கள். பழசு என்பதால் கல் அசல் என்று சொல்வதைப் போல ஒரு பொய் கிடையாது. வெர்னோய் என்கிற பிரெஞ்சு விஞ்ஞானி தீச்சுடரில் அலுமினியம் ஆக்சைடு பொடியை உருக்கிச் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902-லேயே வெளியிட்டுவிட்டார். அதற்கப்புறம் வந்த சிவப்புக்கல் மோதிரங்களில் எத்தனையோ இந்தக் கல்தான், நம் பாட்டிகள் போட்டிருந்ததிலும் உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் உள்ளே மெல்லிய வளைந்த கோடுகள், குட்டிக் காற்றுக்குமிழிகள் தெரியும். இயற்கைக் கல்லில் கோடு இருந்தால் நேராக இருக்கும், வளையாது. நாங்கள் முன்பணம் எதுவும் கொடுக்காமல், பரிசோதனைக் கூடத்தில் காட்டி அசல் என்று சொன்னால் வாங்குகிறோம் என்றோம். கூடத்தில் செயற்கை என்று சொல்லிவிட்டார்கள். விற்க வந்தவருக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை, அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

வைரத்தில் வேறு மாதிரி சிக்கல். மோதிரம் பழசாகவே இருக்கும், கல் மட்டும் எப்போதோ மாறியிருக்கும். அமெரிக்கன் டைமண்ட் என்று நாம் சொல்கிற கல் 1976-க்கு அப்புறம்தான் சந்தைக்கு வந்தது, அறுபதுகளில் செய்த மோதிரத்தில் அது இருந்தால் அசல் கல்லை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். கடைக்காரர் பேனா மாதிரி ஒரு கருவியை வைத்துப் பீப் என்று சத்தம் கேட்டதும் வைரம்தான் என்பார். அது சூடு எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்று பார்க்கிற கருவி, வைரம் மாதிரியே இருக்கும் மாய்சனைட் என்கிற வேறு கல்லுக்கும் சத்தம் போடும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த லேப் வைரத்துக்குக் கேட்கவே வேண்டாம், அதுவும் கார்பன்தானே, கட்டாயம் பீப் வரும். ஆகையால் கொஞ்சம் பெரிய கல் என்றால் சர்ட்டிஃபிகேட் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பழைய வைரத்துக்குப் பட்டை தீட்டின விதமே வேறு, அதைக் கண்ணால் பழகிக்கொள்ளலாம். இன்றைக்கு நாம் பார்க்கிற ரவுண்ட் பிரில்லியன்ட் பட்டைக்கான கணக்கை டோல்கோவ்ஸ்கி என்பவர் 1919-ல் போட்டார். அதற்கு முந்தைய கற்களில் மேல் தளம் சின்னதாக, உடம்பு உயரமாக இருக்கும், நேர் மேலே இருந்து பார்த்தால் நடுவில் ஒரு குட்டி வட்டம் தெரியும், அடி முனையைக் கூராக விடாமல் தட்டையாக வெட்டியிருப்பார்கள். கடை விளக்கில் இவை புதுக்கல் மாதிரி கண்ணைப் பறிக்காது. சாயங்காலம் குத்துவிளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும். நம் கடைகளில் இந்தக் கல்லை எடுத்துக்கொள்ளும்போது பழைய கட்டிங், ரேட் வராது என்று அடிமாட்டு விலை பேசுவார்கள். வெளிநாட்டில் இதே கட்டிங்கைத் தேடி அதிக விலை கொடுத்து வாங்குகிற கூட்டம் இருக்கிறது. நம் வீட்டில் ப்ளூ ஜாகர் என்று சொல்கிற, லேசாக நீலம் ஓடும் வைரத் தோட்டுக்கல்லும் அப்படித்தான், தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தை 1971-லேயே மூடிவிட்டார்கள். மாமியார் கொடுத்த ஒற்றைத் தோடு வீட்டில் சும்மா கிடந்தால் அந்தக் கல்லையே ஒரு மோதிரத்தில் கட்டச் சொல்லலாம், அதைவிட நல்ல விண்டேஜ் எந்தக் கடையில் கிடைக்கும்?

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிடமிருந்து வருகிற மோதிரங்களும் நம் ஊரில் உண்டு, பெரம்பூர், பரங்கிமலைப் பக்கம். இங்கிலாந்தில் செய்ததாக இருந்தால் வளையத்தின் உட்பக்கம் முத்திரை இருக்கும், நங்கூரம் என்றால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன், கூடவே ஒரு ஆங்கில எழுத்து இருக்கும், அதை வைத்து வருஷத்தையே கண்டுபிடித்துவிடலாம். நம் ஊர்ப் பத்தர் செய்ததில் அந்த வசதி கிடையாது. அங்கே தேய்மானத்தைத்தான் படிக்க வேண்டும். உள்ளங்கைப் பக்கம் வளையம் மெலிந்திருக்க வேண்டும், கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளின் நுனி மழுங்கியிருக்க வேண்டும். மேலே கறுப்பாக, உள்ளே புதுச் சொம்பு மாதிரி வழவழவென்று இருந்தால் நம்ப வேண்டாம். அதே தேய்மானம் அதிகமானால் ஆபத்தும் கூட, கொக்கி தேய்ந்தால் கல் விழுந்துவிடும். வாங்கின கையோடு ஒரு நல்ல பத்தரிடம் காட்டி இறுக்கிக்கொள்வது ரொம்ப முக்கியம்.

அளவு மாற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு சைஸ் கூட்டுவதும் குறைப்பதும் பெரிய விஷயம் இல்லை, ஆனால் சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தை மாற்றுவது ரொம்பக் கஷ்டம். மரகதம், முத்து, பவளம் இருந்தால் பற்றவைக்கிற சூட்டில் கெட்டுப்போகும், கல்லைக் கழற்றிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். பின்பக்கம் மூடிக் கட்டிய பழைய மோதிரத்தில் கல்லுக்கு அடியில் பளபளப்புக்காகத் தாள் வைத்திருப்பார்கள், அதைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் தண்ணீர் உள்ளே இறங்கித் தாள் கறுத்துக் கல் மங்கித் தெரியும், ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விரல் அளவைச் சாயங்காலம் எடுங்கள், நம் ஊர் வெயிலுக்கு விரல் வீங்கும், காலையில் ஏ.சி. கடையில் எடுத்த அளவு பத்தாது.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. என் அம்மாவின் மோதிரம், ஒற்றை வைரம், அப்பா 1964-ல் கல்யாணத்துக்கு வாங்கினது. அதை எப்போதோ ஒரு அவசரத்துக்கு அடகு வைக்கப் போனபோது உரைத்துப் பார்த்து 14 காரட்தான் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பாவை அந்தக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பது எங்கள் குடும்பத்தில் சாஸ்திரம் மாதிரி ஆகிவிட்டது, தீபாவளிக்குத் தீபாவளி பாட்டி அதைச் சொல்லாமல் இருந்ததில்லை. நான் வங்கிக்குப் போய்த் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. சீனப் போருக்கு அப்புறம் 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, புதிதாகச் செய்கிற நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். நாடு முழுக்கப் பொற்கொல்லர்கள் பிழைப்பு போய்த் தெருவுக்கு வந்தார்கள். 1966-ல்தான் அந்த 14 காரட் கட்டுப்பாடு போனது. மொத்தச் சட்டமும் ஒழிந்தது 1990-ல். ஆக அந்தக் கடைக்காரர் விதிப்படிதான் விற்றிருக்கிறார், பாவம், பல வருஷம் திட்டு வாங்கினார். இன்னொன்றும் உண்டு. 22 காரட் மென்மையான தங்கம், தினமும் போடுகிற மோதிரத்தில் மெல்லிய கொக்கிகள் சீக்கிரம் வளைந்துவிடும். வைர மோதிரத்தை 18, 14 காரட்டில் செய்வது அதற்காகத்தான். அம்மா மோதிரத்தில் கல் இன்றுவரை அசையவில்லை.

தம்பி மகளிடம் இதைச் சொன்னதும் எடு அத்தை, பார்க்கலாம் என்றாள். விரலில் போட்டுப் பார்த்துவிட்டு இதுதான் என்று முடிவு செய்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் கொஞ்சம் யோசித்தார்கள். யார் போட்டதோ என்கிற தயக்கம் நம்மவர்களுக்கு உண்டு, வைரம் என்றால் ஆகி வருமா என்று தலையணைக்கு அடியில் வைத்துப் பார்க்கிறவர்கள் நாம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, ஆனால் கேலி செய்யவும் மாட்டேன், மாப்பிள்ளையின் அம்மா பாலில் கழுவி சாமி படத்தடியில் சில நாள் வைக்கட்டும் என்றார், வைத்தோம், ஒருவருக்கும் காய்ச்சல்கூட வரவில்லை.

வீட்டில் இல்லாதவர்கள் வெளியே வாங்கும்போது பில் இல்லாமல் வாங்கவே கூடாது. கல் நீக்கிய எடை, காரட், கல்லின் எடை, கல் இயற்கையா லேப் கல்லா என்பது, எல்லாம் எழுத்தில் வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருந்தால் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் நாமும் மாட்டுவோம். தெரியாமல் வாங்கியிருந்தாலும் பொருள் போலீஸ் கைக்குப் போகும், கொடுத்த காசு போனதுதான். வாங்கின வழிக்கு ஆதாரம் வேண்டும் என்பது இந்த ஊரில் பழைய கதை. கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட் 1702 வாக்கில் ஜாம்சந்த் என்கிற வியாபாரியிடம் 410 காரட் கல் ஒன்றை பகோடா என்கிற அந்தக் காலத் தங்க நாணயம் 48,000 கொடுத்து வாங்கினார், கடைசியில் அது பிரான்ஸ் அரச குடும்பத்துக்குப் போய் இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எப்படி வாங்கினாய் என்று ஊர் பேசின பேச்சு தாங்காமல் நான் முறையாகத்தான் வாங்கினேன் என்று 1710-ல் அந்த மனிதர் சத்தியம் பண்ணி எழுதி வைக்க வேண்டியதாயிற்று. கவர்னருக்கே அந்தக் கதி.

தங்கத்தின் தரம் மட்டும் சந்தேகம் என்றால் ஹால்மார்க் மையத்துக்கு நாமே நேரில் எடுத்துப் போகலாம், கடைக்காரர் மூலமாகத்தான் போக வேண்டும் என்றில்லை. 2022-ல் ஹால்மார்க்கைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பான பிஐஎஸ் இதை அறிவித்தபோது நான்கு நகை வரை 200 ரூபாய் என்று வைத்தார்கள். ஹெச்.யு.ஐ.டி உள்ள மோதிரம் என்றால் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த மையத்தில், எந்தக் கடைக்காக, என்ன தரத்தில் முத்திரை போட்டார்கள் என்று வந்துவிடும். மோதிரம் என்று சொல்லிவிட்டுச் செயலியில் வளையல் என்று வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

உங்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது ஆசிரியரே. நகைக்கடன் நிறுவனங்களின் ஏல அறிவிப்பு உங்கள் நாளிதழில் முழுப் பக்கத்துக்குப் பொடி எழுத்தில் வருகிறது, கடன் எண்ணும் கிளைப் பெயருமாக. ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு மாநில மொழி நாளிதழிலும் போட்டாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் என்ன பொருள் என்று ஒன்றும் இருக்காது, ஏலம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் மொத்த வியாபாரிகள், எடுத்ததும் நேரே உருக்கிவிடுவார்கள். அந்தப் பக்கத்தைக் காசு வாங்கிப் போடுகிறீர்கள், நியாயம். கூடவே ஒரு செய்தியாளரை அனுப்பி, அந்த ஏலங்களில் தனி ஆள் கலந்துகொள்ள முடியுமா, சென்னையில் எந்தெந்த ஹால்மார்க் மையங்கள் பொதுமக்களின் நகையை வாங்கிச் சோதிக்கின்றன, கல் பரிசோதனைக்கு என்ன கட்டணம் என்று விசாரித்து ஒரு பக்கம் போடுங்கள்.

தி.நகர், புரசைவாக்கம், மயிலாப்பூர் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மாற்றலுக்கு வருகிற மோதிரங்களில் நன்றாக இருப்பதைத் தனியாக எடுத்து, இருக்கிறபடியே ஹால்மார்க் அடித்து ஒரு தட்டில் வையுங்கள். செய்கூலி, சேதாரம் போடாதீர்கள், கல்லுக்குத் தனி விலை எழுதுங்கள், உங்கள் லாபத்தையும் வெளிப்படையாகப் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்படி ஒரு தட்டு ஏற்கெனவே எந்தக் கடையிலாவது இருந்தால் வாசகர்கள் உங்கள் நாளிதழுக்கு எழுதட்டும், தம்பி மகளின் தோழிகள் இப்போதே என்னைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை